ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம்: சொல்லாமல் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

அக்ரோபோலிஸ் குன்றின் மேல் ஏறினால் பார்த்தெனான் கோயில் நிற்கிறது. அதன் சிற்பங்கள் அங்கே இல்லை. அவற்றைப் பார்க்க, குன்றின் தெற்கடிவாரத்தில் இருக்கும் இந்த அருங்காட்சியகத்துக்கு இறங்கி வர வேண்டும். வந்தாலும் முழுசாகக் கிடைக்காது. எஞ்சியவற்றில் ஏறக்குறைய பாதி லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டடம் ஓரிடம், சிற்பம் வேறிடங்கள் என்று பிரிந்து கிடக்கும் ஒரு கோயிலை, கிரேக்க வரலாறு ஒரு வரிகூடப் படிக்காத ஆளுக்கு இரண்டு மணி நேரத்தில் விளங்கவைப்பது சாதாரண வேலை அல்ல. இந்த இடம் அதைப் பெரிய அளவுக்குச் செய்துவிடுகிறது. எழுதி ஒட்டிச் செய்யவில்லை; எதை எங்கே, எந்தத் திசையில், எந்த வெளிச்சத்தில் வைப்பது என்பதைக் கொண்டே செய்கிறது. அதே காரணத்தால், இடம் கொடுக்கப்படாத விஷயங்கள் பார்ப்பவருக்குத் தெரியாமலே போய்விடுகின்றன. இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் கொடுத்த காசுக்கு இரட்டிப்பாகக் கிடைக்கும்.

முதலில் நடைமுறை. மெட்ரோவின் 2ஆம் தடத்தில் ‘அக்ரோபோலி’ நிலையம். சின்டாக்மா சதுக்கத்திலிருந்து ஒரே நிறுத்தம். விமான நிலையத்திலிருந்து வருபவர்கள் 3ஆம் தடத்தில் சின்டாக்மா வந்து மாறிக்கொள்ளலாம். குன்றுக்கான டிக்கெட்டும் இதுவும் முற்றிலும் வேறு. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதும் சேர்ந்திருக்கும் என்று நம்பி வாசலில் ஏமாறுகிறவர்கள் பலர். 2025 ஏப்ரல் முதல் குன்றுக்கு 30 யூரோ, அருங்காட்சியகத்துக்கு 20 யூரோ. விலை மாறக்கூடியது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் 6, மார்ச் 25, மே 18, அக்டோபர் 28 ஆகிய நாட்களில் அருங்காட்சியகம் இலவசம். வெள்ளிக்கிழமைகளில் இரவு 10 மணிவரை திறந்திருக்கும், அதுவே வருவதற்குச் சிறந்த நேரம். திங்கட்கிழமை மாலை 5 மணிக்கே மூடிவிடுவார்கள்.

குன்று முதலிலா, அருங்காட்சியகம் முதலிலா? அருங்காட்சியகம்தான். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்: கோடை வெயிலில் குன்றேறி, கல்லையும் சாரத்தையும் கூட்டத்தையும் பார்த்துக் களைத்து, பிறகு குளிரூட்டிய கட்டடத்துக்குள் வந்து பாதித் தூக்கத்தில் நடக்கிறார்கள். குன்றின் மேல் விளக்கம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. எந்தச் சிற்பம் எந்த விளிம்பில் இருந்தது என்று முன்பே தெரிந்திருந்தால்தான் அந்த வெற்று விளிம்புகள் பேசும். அதனால் முதல் நாள் மாலை கீழே, மறுநாள் காலை குன்று திறக்கும்போதே மேலே. 2023 செப்டம்பரிலிருந்து குன்றுக்கு நேர ஒதுக்கீடு உண்டு. ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு. கடும் வெப்ப நாட்களில் நண்பகலில் குன்றையே மூடிவிடுகிறார்கள். ஆகவே காலை நேர ஒதுக்கீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

கட்டடத்தை வடிவமைத்தவர் பெர்னார்ட் சூமி. 2009 ஜூன் 20 அன்று திறக்கப்பட்டது. அஸ்திவாரம் தோண்டப் போன இடத்தில் ஒரு பழைய குடியிருப்பே வெளிப்பட்டது: வீடுகள், குளியலறைகள், பட்டறைகள், கிணறுகள், தெருக்கள். அதை மூடிக் கட்டாமல், இடிபாடுகளுக்கு நடுவே இடம் பார்த்துத் தூண் நட்டு, கட்டடத்தையே மேலே தூக்கி நிறுத்தினார்கள். வாசலிலிருந்தே தரை பல இடங்களில் கண்ணாடி. காலுக்குக் கீழே பழைய ஏதென்ஸ். உயரம் என்றால் தலைசுற்றுபவர்கள் ஓரமாக நடக்க வழி இருக்கிறது. 2019 ஜூனில் இந்த அகழாய்வுப் பகுதிக்குள்ளேயே நடைபாதை போட்டார்கள். 2024இல் அங்கே கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை அங்கேயே காட்சிக்கு வைத்தார்கள். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மேலே இருப்பது தெய்வங்களின் கதை, கீழே இருப்பது சமைத்து, குளித்து, கடை வைத்துப் பிழைத்தவர்களின் கதை. மேலே போகிற அவசரத்தில் இதைத் தவறவிடாதீர்கள். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கால் ஒத்துழைக்காது.

உள்ளே நுழைந்ததும் அகலமான ஒரு சரிவுப் பாதை மெல்ல மேலேறுகிறது. குன்றின் சரிவுகளில் இருந்த சிறு கோயில்களில் கிடைத்தவை இருபுறமும்: திருமணப் பெண்கள் நிம்ஃப் தேவதைக்குக் காணிக்கையாக வைத்த நீர்க்குடங்கள், மருத்துவ தெய்வம் அஸ்கிளீப்பியஸுக்கு நேர்ந்துகொண்டவை. நம் ஊரில் கண், கை, கால் என்று வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவது போன்ற நேர்த்திக்கடன் கிரேக்கத்திலும் உண்டு. சரிவில் ஏறும்போதே நீங்கள் குன்றேறிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது கணக்கு. பலகை வைத்துச் சொல்லவில்லை, கால் அதை உணர்ந்துகொள்கிறது. காட்சி வடிவமைப்பில் இது சின்ன விஷயம், ஆனால் மற்ற இடங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது.

முதல் தளத்தில் பார்த்தெனானுக்கு முந்தைய காலத்துச் சிற்பங்கள். இங்கே சுவரோரமாக எதையும் வரிசை கட்டவில்லை. உயரமான கூடத்தில் தூண்களுக்கிடையே சிற்பங்கள் ஆட்களைப் போலத் தனித்தனியாக நிற்கின்றன, பக்கவாட்டிலிருந்து சூரிய வெளிச்சம் விழுகிறது, சுற்றி வந்து முதுகையும் பார்க்கலாம். கோயிலுக்குக் காணிக்கையாக வைக்கப்பட்ட ‘கோரே’ எனும் கன்னியர் சிலைகள்தான் இங்கே கூட்டம். கி.மு. 480இல் பாரசீகப் படை ஏதென்ஸைக் கொளுத்தியபோது இவை உடைக்கப்பட்டன. ஊர் திரும்பிய ஏதென்ஸ்காரர்கள் உடைந்தவற்றைக் குன்றின் மேலேயே குழிகளில் புதைத்தார்கள். 1880களில் அவை தோண்டி எடுக்கப்பட்டன. மண்ணுக்குள் கிடந்ததால்தான் பலவற்றில் வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஆடை விளிம்பு, உதடு, கண்மணி, கூந்தல் ஆகிய இடங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். கிரேக்கச் சிற்பம் என்றால் தூய வெள்ளை என்று பள்ளிப் புத்தகப் படங்கள் ஏற்றிவைத்த எண்ணம் இந்தக் கூடத்தில் உதிர்ந்துவிடும். கோபுரத்துச் சுதைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்காது, சொல்லப்போனால் இப்போதுதான் இயல்பாகத் தெரியும்.

இந்தத் தளத்தில் இரண்டு சிலைகளை ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒன்று, கன்றுக்குட்டியைத் தோளில் சுமக்கும் ஆண், கி.மு. 570 வாக்கில் செய்தது. இரண்டு கால்களும் ஒரே மாதிரி ஊன்றி, விறைப்பாக, முகத்தில் அக்காலச் சிற்பங்களுக்கே உரிய இளநகையுடன் நிற்கிறான். மற்றது ‘கிரிட்டியோஸ் பையன்’, கி.மு. 480ஐ ஒட்டியது. உடல் எடை ஒரு காலுக்கு மாறிவிட்டது. அதனால் இடுப்பு சற்றே சாய்ந்திருக்கிறது, தலை லேசாகத் திரும்பியிருக்கிறது, நகை காணாமல் போய்விட்டது. நூறாண்டுக்குள் கல் நிற்பதை விட்டு மனிதனைப் போல நிற்கக் கற்றுக்கொண்ட கதை இந்த இரண்டிலும் இருக்கிறது. ஆனால் இரண்டையும் இணைத்துச் சொல்லும் பலகை இல்லை. முதல் குறை இதுதான்: விளக்கப் பலகைகள் அநியாயத்துக்குச் சிக்கனமானவை. பெயர், காலம், எண், அதிகம் போனால் மூன்று வரி, கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும். வழிகாட்டும் அம்புக்குறிகளும் போதாது. கூடங்களில் அடையாள அட்டையோடு நிற்கும் தொல்லியலாளர்களிடம் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள்; கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாமல் அவர்களைக் காவலர் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள்.

அதே தளத்தில், மாடம் போன்ற ஓரிடத்தில் எரெக்தியோன் கோயிலின் பெண் தூண்கள். கூரையைத் தலையில் தாங்கிய ஆறு பெண்களில் ஐவர் இங்கே, ஆறாமவள் லண்டனில். அவளுக்குரிய இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். காற்று மாசு காரணமாக 1979இல் இவற்றைக் குன்றிலிருந்து இறக்கினார்கள். மேலே இப்போது நிற்பவை நகல்கள். வாகனப் புகையிலும் கரிப்புகையிலும் உள்ள கந்தகம் சலவைக்கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றும். அதில் புகைக்கரி படிந்து கறுப்பு ஓடாக இறுகும். சுரண்டினால் அடியில் உள்ள உளியின் தடமும் போய்விடும். அதனால் அகச்சிவப்பு, புறஊதா என இரண்டு அலைநீள லேசர்களை ஒரே நேரத்தில் செலுத்தி அந்த ஓட்டை நீக்கினார்கள். அகச்சிவப்பு மட்டும் போட்டால் கல் மஞ்சளடிக்கும் என்பதே இரண்டும் சேர்ந்ததற்குக் காரணம். இதைச் சிலைகளை நகர்த்தாமல், கூடத்திலேயே ஒரு மறைப்பு அமைத்து, உள்ளே நடப்பதைத் திரையில் பார்வையாளர்களுக்குக் காட்டிக்கொண்டே செய்தார்கள். ‘பராமரிப்புப் பணி, அனுமதி இல்லை’ என்று துணி கட்டி மறைக்கும் வழக்கத்துக்கு நேரெதிர்.

இந்தப் பெண்களை முன்னாலிருந்து படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள், பின்னால் போங்கள். கோயிலில் இருந்தபோது யாருக்கும் எளிதில் கண்ணில் படாத முதுகுப்புறத்தில், ஒவ்வொருத்திக்கும் வெவ்வேறு விதமாகப் பின்னிய கனத்த சடை. அழகுக்கு மட்டும் அல்ல அது. மேலே கூரைப் பாரம், கீழே மெல்லிய கழுத்து. ஒடிந்தால் அங்கேதான் ஒடியும். சடையைத் தடியாக்கிக் கழுத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டான் சிற்பி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் விளங்கும்.

இனி மூன்றாம் தளம். கட்டடத்தின் மற்ற தளங்கள் தெருவை ஒட்டிப் போக, இந்த மேல்தளம் மட்டும் 23 பாகை திரும்பி நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெட்டியின் மேல் இன்னொரு பெட்டியைக் கோணலாக வைத்தது போலத் தெரியும். உள்ளே போனதும் காரணம் புரிந்துவிடும்: இந்தக் கூடம் பார்த்தெனானுக்கு இணையாக, கிழக்குக்குக் கிழக்காக, மேற்குக்கு மேற்காக நிற்கிறது. நான்கு பக்கமும் கண்ணாடி. கோயிலின் உட்சுவரைச் சுற்றி ஓடிய சிற்பப் பட்டை இங்கே அதே வரிசையில், அதே திசையில் ஒரு செவ்வகத்தைச் சுற்றி ஓடுகிறது. தலையைத் திருப்பினால் கண்ணாடிக்கு வெளியே, குன்றின் மேல் அசல் கோயில். இந்தச் சிற்பம் அந்த மூலையில் இருந்தது என்று விரலை நீட்டிக் காட்டலாம், குழந்தைக்கும் விளங்கும். வரைபடமோ காணொளியோ இவ்வளவு சுருக்கமாக இதைச் சொல்லிவிட முடியாது.

சுற்றி வர ஒரு முறை உண்டு. மேற்குப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பட்டையின் மொத்த நீளம் 160 மீட்டர், உயரம் ஒரு மீட்டரை ஒட்டி. அதில் சுமார் 50 மீட்டர் இங்கே, 80 மீட்டர் லண்டனில். மற்றவை சிதறியும் அழிந்தும் போயின. பட்டை காட்டுவது ஏதெனா தேவிக்குப் புதுப் புடவை சாத்தும் பானதெனாயா திருவிழா ஊர்வலம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து, மறுப்பவர்களும் இருக்கிறார்கள். மேற்கில் ஊர்வலத்துக்கு ஆயத்தம் நடக்கிறது: ஒருவன் குதிரையை அடக்குகிறான், ஒருவன் செருப்பு வாரைக் கட்டுகிறான். இந்தப் பக்கம் பெரும்பாலும் அசல். தென்மேற்கு மூலையில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஒன்று வடக்குப் பக்கமாகவும் மற்றது தெற்குப் பக்கமாகவும் கிழக்கு நோக்கிப் போகிறது. குதிரை வீரர்கள், தேர்கள், முதியவர்கள், இசைக்கருவி வாசிப்பவர்கள், நீர்க்குடம் சுமப்பவர்கள், பலிக்கு ஓட்டிச் செல்லும் மாடுகள். கிழக்கில் இரண்டு வரிசையும் சந்திக்கும் இடத்தில் தெய்வங்கள் அமர்ந்திருக்க, நடுவே மடித்த துணி கைமாறுகிறது. தேர் நிலைக்கு வந்து சேரும் இடம் அது. அந்த நடுக்கல் லண்டனில். இங்கே இருப்பது பிளாஸ்டர் வார்ப்பு.

வார்ப்புகளை வெள்ளையாகவே விட்டிருக்கிறார்கள். பார்த்தெனானைக் கட்டிய பென்டெலிக் சலவைக்கல்லில் உள்ள இரும்பு காலப்போக்கில் துருவேறி அசலுக்குத் தேன் நிறம் தந்திருக்கிறது. வார்ப்போ சுண்ணாம்பு அடித்தது போல. எது இங்கே இருக்கிறது, எது இல்லை என்று பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். நேர்மையான ஏற்பாடு, கெட்டிக்காரத்தனமான வாதமும்கூட. துருக்கிய அரசுக்கான பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் 1801இலிருந்து சிற்பங்களை அறுத்து எடுத்ததும், 1816இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 35,000 பவுண்டுக்கு அவற்றை வாங்கியதும் தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு வெள்ளைத் துண்டும் ஒரு முறையீட்டு மனு. ஏதென்ஸில் வைக்கத் தகுந்த இடம் இல்லை என்று லண்டன் தரப்பில் நெடுங்காலம் சொல்லப்பட்டதற்கு இந்தக் கட்டடமே பதில். சிறு துண்டுகள் திரும்பியும் வருகின்றன. பலெர்மோவிலிருந்து 2022இல் ஒன்று, வத்திக்கானிலிருந்து 2023இல் மூன்று. ஆனால் இந்த வெள்ளை ஒரு தவறான எண்ணத்தையும் விதைக்கிறது. கீழ்த்தளத்தில் வண்ணத்தைக் காட்டிப் புரியவைத்ததை மேல்தளம் கலைத்துவிடுகிறது. பார்த்தெனான் சிற்பங்களும் வண்ணம் பூசியவையே என்பதை இவ்வளவு பிளாஸ்டருக்கு நடுவே யாருக்கும் நினைக்கத் தோன்றாது.

இன்னொரு நுட்பம். கோயிலில் இந்தப் பட்டை ஏறக்குறைய 12 மீட்டர் உயரத்தில், தூண்களுக்கு உட்புறம், நிழலில் இருந்தது. அண்ணாந்து பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும் என்று சிற்பிகள் மேல்பாதியை ஆழமாகவும் கீழ்ப்பாதியைத் தட்டையாகவும் செதுக்கினார்கள். இங்கே கண்மட்டத்தில் வைத்திருப்பதால் குதிரைக் கால்கள் ஏனோ சப்பையாகத் தெரியும். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மேலே பாருங்கள், உருவங்கள் எழுந்து வரும். குதிரைகளின் வாயோரத்திலும் பிடரியிலும் தெரியும் சிறு துளைகள் சிதைவு அல்ல. வெண்கலக் கடிவாளம் பொருத்திய இடங்கள்.

சதுரப் பலகைச் சிற்பங்களான மெடோப்புகள் மொத்தம் 92 இருந்தன. கிழக்கில் தேவர்–அரக்கர் போர், மேற்கில் புராணப் போர்மகளிரான அமேசான்களோடு போர், தெற்கில் பாதி மனிதன் பாதி குதிரையான சென்டார்கள், வடக்கில் டிராய் நகரப் போர். இவற்றில் பலவற்றின் முகமும் உடலும் கொத்தி எடுத்தது போல இருக்கும். மழையும் காற்றும் செய்த வேலை என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். உண்மையில் கோயில் கிறிஸ்தவ தேவாலயமான காலத்தில் வேண்டுமென்றே சிதைக்கப்பட்டவை. வடக்குப் பக்கத்தின் கடைசிப் பலகை மட்டும் ஓரளவு தப்பியிருக்கிறது. அமர்ந்த பெண்ணும் எதிரே நிற்பவளும் மரியாளுக்கு வானதூதர் செய்தி சொல்லும் காட்சி போலத் தோன்றியதால் விட்டுவிட்டார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. அந்தப் பலகையைத் தேடிப் பாருங்கள். இந்தக் கூடத்திலேயே சுவையான கதை அதுதான், நீங்களாகக் கேட்காவிட்டால் அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

இதுவே பெரிய குறை. கி.மு. 447இல் கட்டத் தொடங்கி 432இல் சிற்ப வேலை முடிந்த ஒரு கட்டடம், அதன்பின் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. பல நூற்றாண்டுகள் தேவாலயம். 15ஆம் நூற்றாண்டில் துருக்கியர் வந்தபின் மசூதி. பிறகு வெடிமருந்துக் கிடங்கு. 1687இல் வெனிஸ் படையின் குண்டு அதில் விழுந்து நடுப்பகுதி சிதறியது. இன்று நாம் பார்க்கும் சிதைவில் பெரும்பகுதி அந்த ஒரு நாளின் வேலை. குன்றின் மேலிருந்த இடைக்காலக் கோபுரத்தை 1875இல் இடித்தவர்கள் கிரேக்கர்களே. இந்த நீண்ட வாழ்க்கைக்கு அருங்காட்சியகம் தந்திருக்கும் இடம் மிகக் குறைவு. 2009இல் கோயிலின் வரலாற்றைச் சொல்லும் குறும்படத்தில் பாதிரிமார் சிற்பங்களை இடிக்கும் சில நொடிக் காட்சி வந்தது. திருச்சபை முறையிட்டதும் வெட்டினார்கள், எதிர்ப்புக் கிளம்பியதும் மறுபடி சேர்த்தார்கள். எது தொட்டால் சுடும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. அந்தப் படம் மேல்தளத்தில் ஓடுகிறது, கூடத்துக்குள் நுழையும் முன் உட்கார்ந்து பாருங்கள். முக்கோண முகப்புச் சிற்பங்கள் முழுமையாக இருந்தபோது எப்படித் தோன்றின என்பதைக் காட்டும் சிறு மாதிரிகளும் அங்கே உண்டு. அவற்றைப் பார்க்காமல் போனால் கூடத்தின் இரு முனைகளிலும் கிடக்கும் தலையற்ற உடல்கள் வெறும் துண்டுகளாகத்தான் தெரியும்.

இறங்கும் வழியில் நைக்கி கோயிலின் கைப்பிடிச்சுவர்ச் சிற்பங்கள். குனிந்து செருப்பைத் தொடும் வெற்றித் தேவதையின் உடலில் துணி ஈரம்போல ஒட்டியிருக்கிறது. கல்லில் துணியைக் காட்டும் திறத்தில் இதற்கு மிஞ்சியது இந்தக் கட்டடத்தில் இல்லை என்பது எங்கள் கணிப்பு. சோகம் என்னவென்றால், மேல்தளத்தைப் பார்த்து மலைத்தவர்கள் இங்கே நிற்பதே இல்லை. வழியமைப்பின் பிழை இது. மாற்ற முடியாவிட்டாலும் ஒரு அம்புக்குறியாவது வைக்கலாம்.

குழந்தைகளோடு போனால் வரவேற்பில் குடும்பத்துக்கான விளையாட்டுப் பைகளைக் கேளுங்கள். கூடங்களுக்குள் ஏதெனாவைத் தேடிக் கண்டுபிடிக்கும் வகை விளையாட்டுகள் அவற்றில் உண்டு. லெகோவில் கட்டிய அக்ரோபோலிஸ் மாதிரி ஒன்றும் உள்ளே இருக்கிறது. எட்டு வயதுக்காரர்கள் பார்த்தெனானைவிட அதன் முன் அதிக நேரம் நிற்பார்கள், தடுக்க வேண்டாம்.

நேரக் கணக்கு: அகழாய்வுப் பகுதிக்கு 30 நிமிடம், சரிவுக்கும் முதல் தளத்துக்கும் 45, மேல்தளத்துக்குப் படத்தோடு சேர்த்து ஒரு மணி, இறங்கும் வழிக்கு 20. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நுழைந்தால் நிதானமாக முடியும். கோடையில் மேல்தளத்தை இருட்டும் நேரத்துக்கு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்; வெளியே கோயிலுக்கு விளக்கு போடுவார்கள். ஒரு எச்சரிக்கை: இருட்டியபின் கண்ணாடியில் உங்கள் முகமே தெரியும், ஒட்டி நின்று பார்க்க வேண்டும். இரண்டாம் தளத்து உணவகத்தின் திறந்த மாடத்தில் குன்றைப் பார்த்தபடி காபி குடிக்கலாம்; காட்சிக்காகப் போகலாம், வயிறு நிறைய வேண்டுமென்றால் வெளியே தெருவில் இறங்கிச் சாப்பிடுங்கள்.